வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கப் போறீங்களா? டப்பாவைத் திறக்கும் முன் சுவரைப் பாருங்க!

பொங்கல் நெருங்கினாலே பெயிண்ட் கடைகளில் கூட்டம் அலைமோதும். பெயிண்டருக்கு போன் போட்டால், "இந்த மாசம் ஃபுல்லுங்க, தேதி கிடையாது" என்று பதில் வரும். எப்படியோ ஒருவரைப் பிடித்து, அவசர அவசரமாக வண்ணம் தீட்டி, போகிக்கு முந்தின நாள் வேலையை முடிப்போம். அடுத்த ஆடி மாதம் பார்த்தால், ஹாலில் ஒரு மூலையில் பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிந்து நிற்கும்.

"கம்பெனி பெயிண்ட் சரியில்லை" என்று அப்போது திட்டுவோம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் குற்றவாளி பெயிண்ட் இல்லை. அதற்குக் கீழே இருக்கும் சுவர்தான். வீட்டைப் புதுசாக்க இருப்பதிலேயே செலவு குறைந்த வழி பெயிண்ட் என்பது உண்மை. ஆனால் சுவரைப் பார்க்காமல் ஷேடு கார்டை மட்டும் பார்த்து இறங்கினால், அதே செலவு இரண்டு வருடத்தில் மறுபடியும் வரும். சில வீடுகளில், பழைய பெயிண்டைச் சுரண்டும்போது குழந்தைகளின் உடலுக்கே ஆபத்து இருக்கிறது. அதையும் சேர்த்தே இங்கே பார்க்கலாம்.

எந்த மாதத்தில் அடிப்பது நல்லது?

நம்ம ஊரில் பெயிண்ட் வேலை பண்டிகையைப் பார்த்துத்தான் நடக்கிறது. ஆனால் சுவருக்கு வானிலைதான் முக்கியம். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தீபாவளி பெரும்பாலும் அதன் நடுவில் வந்துவிடும். மழையில் நனைந்த வெளிச்சுவரில் அடித்தால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் பெயிண்டையே தள்ளிக்கொண்டு வரும்.

தை பிறந்த பிறகு, மாசி, பங்குனி வரை நல்ல காலம். சுவர் காய்ந்திருக்கும், வெயிலும் உச்சத்துக்குப் போயிருக்காது. கூட்டமும் குறைவு என்பதால் நல்ல பெயிண்டர் கிடைப்பார், பேரம் பேசவும் முடியும். கத்திரி வெயிலில் வெளிச்சுவர் அடிப்பதாக இருந்தால், சுவரில் வெயில் விழாத நேரமாகப் பார்த்து அடிக்கச் சொல்லுங்க. கொதிக்கிற சுவரில் பெயிண்ட் அடித்த உடனே காய்ந்துவிடும். சரியாகப் பிடிக்காது, ரோலர் போன தடமும் தெரியும்.

பண்டிகைக்கு முன்னாடி முடிச்சே ஆகணும் என்றால், உள் அறைகளை மட்டும் இப்போது முடித்துக்கொண்டு, வெளிச்சுவரைத் தை மாதத்துக்குத் தள்ளி வைப்பது புத்திசாலித்தனம்.

சுவர் ஏன் பொரிகிறது?

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. சுவரில் ஓதம் இருந்தால், அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் நிற்காது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை, கறை இருக்கும் இடமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரம் வரை வரிசையாகப் பொரிந்திருந்தால், அஸ்திவாரத்திலிருந்து ஈரம் ஏறுகிறது என்று சந்தேகப்படலாம். சீலிங்கில் வட்ட வட்டமாகக் கறை இருந்தால் மொட்டை மாடியிலோ, மேல் வீட்டு பாத்ரூமிலோ கசிவு. ஒரே கோடாக நீண்ட கறை என்றால் சுவருக்குள் போகும் குழாயைப் பார்க்கணும். ஜன்னலின் கீழ் மூலைகளில் மட்டும் என்றால், மழைத் தண்ணீர் வெளிப்பக்கம் இருந்து உள்ளே இறங்குகிறது. படுக்கையறைச் சுவரின் மறுபக்கம் பாத்ரூம் இருக்கிறதா என்பதையும் பாருங்க. டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீர் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கும்.

சந்தேகம் இருந்தால் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஒரு அடி சதுரத்துக்கு பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, நாலு பக்கமும் காற்று போகாமல் டேப் போட்டு சுவரில் ஒட்டுங்க. ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்க. பிரித்துப் பார்க்கும்போது சுவர்ப் பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால், ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரம் என்றால், அது அறைக் காற்றில் இருக்கும் ஈரப்பதம். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே பாதி சரியாகும்.

சுவரில் வெள்ளையாக மாவு மாதிரி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. அது உப்பு. செங்கல்லிலும், சிமென்ட்டிலும், கட்டும்போது ஊற்றிய தண்ணீரிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு ஈரம் வெளியே வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். உப்புத் தண்ணீர் போர் உள்ள கடலோரப் பகுதி வீடுகளில் இது அதிகம். இதைப் பார்த்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் பலர் செய்யும் முதல் காரியம். கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்ததைக் கூட்டி வெளியே கொட்டுவதே சரி.

முதலில் கசிவை அடைக்கணும். அதன் பிறகு பொரிந்த பூச்சை உளியால் கொத்தி எடுத்து, கொத்தனாரை வைத்துப் புதுப் பூச்சு பூசி, அது நன்றாகக் காய விடணும். புதிய சிமென்ட் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காய்ந்த பிறகே பெயிண்ட் வேலை. "அதெல்லாம் வேண்டாங்க, வாட்டர் புரூஃப் பெயிண்ட் ஒரு கோட் உள்ளே அடிச்சிடலாம்" என்று யாராவது சொன்னால் யோசிங்க. தண்ணீர் வெளியிலிருந்து வரும்போது, உள்பக்கம் மூடி போட்டால் தண்ணீர் நிற்காது. மூடிதான் கழன்று வரும்.

கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை பிடித்த இடத்தில் அப்படியே பெயிண்ட் அடிப்பதும் இதே கதைதான். பிளீச்சிங் கரைசலால் துடைத்து, கழுவி, காய்ந்த பிறகே அடுத்த வேலை. பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டை மட்டும் கலந்துவிடாதீங்க. விஷவாயு வரும்.

பழைய பெயிண்டைச் சுரண்டும்போது ஜாக்கிரதை

பழைய மரக்கதவு, ஜன்னல், இரும்பு கிரில் ஆகியவற்றில் அடித்திருக்கும் எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்கள் கிடைக்கவும், எண்ணெய் பெயிண்ட் சீக்கிரம் காயவும் ஈயச் சேர்மங்கள் சேர்க்கப்பட்டன. இந்தியாவில் வீட்டு உபயோக பெயிண்ட்டில் ஈயத்தின் அளவுக்கு 2016-ல் விதிகள் அறிவிக்கப்பட்டன. பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் உள்ள வீட்டு பெயிண்டைத் தயாரிக்க 2017 நவம்பர் 1 முதல் தடை. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல் என்றால், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வது பாதுகாப்பு.

பெயிண்ட் நல்லா ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும் வரை பெரிய தொல்லை இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது எழும் தூசிதான் பிரச்சினை. அது தரையில் படியும். தவழும் குழந்தையின் கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை போகலாம் என்று சொல்லும்படியான பாதுகாப்பான அளவே இதற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்ச்சல் மாதிரி உடனே தெரியாது என்பதுதான் இதில் மோசம்.

என்ன செய்யலாம்? காய்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. மெஷின் வைத்துத் தேய்ப்பது இன்னும் மோசம். தண்ணீர் தெளித்து, ஈரமாக வைத்துக்கொண்டே தண்ணீரில் தேய்க்கும் வகை உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்க. பழைய பெயிண்டை நெருப்பு காட்டி உரிக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அதில் ஈயப் புகையே வரும், வேண்டவே வேண்டாம். தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, வேலை முடிந்ததும் அதைச் சுருட்டி எடுத்துவிடுங்க. துடைப்பத்தால் கூட்டினால் தூசி திரும்ப எழும். ஈரத் துணியால் துடைப்பதே சரி.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த இரண்டு, மூன்று நாள் சொந்தக்காரர் வீட்டில் இருந்துவிட்டு வரட்டும். தேய்ப்பவருக்கு என்95 மாஸ்க் வாங்கிக் கொடுங்க. முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது. அவர் அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போனால், அவருடைய பிள்ளைக்கும் அதே தூசிதான் போய்ச் சேரும். கை, முகம் கழுவி உடை மாற்ற இடம் கொடுப்பது நம்ம பொறுப்பு. குழந்தை ஏற்கெனவே பழைய பெயிண்ட் செதில்களை வாயில் போட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்க. ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்க பரிசோதனை இருக்கிறது.

டிஸ்டெம்பர், எமல்ஷன், எனாமல்: எது எங்கே?

பழைய சுவரில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரியணும். உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பாருங்க. கையில் மாவாக ஒட்டினால் சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். அதன் மேல் நேரடியாக எமல்ஷன் அடித்தால், எமல்ஷன் அந்த மாவைத்தான் பிடித்துக்கொள்ளும், சுவரை இல்லை. கொஞ்ச நாளில் தாள் தாளாக உரியும். அதனால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பட்டி பார்க்கணும். மாவு ஒட்டாவிட்டால், செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்க. பழைய பெயிண்ட் டேப்போடு வராவிட்டால், லேசாகத் தேய்த்து, துடைத்துவிட்டு மேலேயே அடிக்கலாம்.

டிஸ்டெம்பர் விலை குறைவு. ஆனால் ஈரத்துணி வைத்து அழுத்தித் துடைத்தால் நிறமும் கூடவே வரும். எமல்ஷன் தண்ணீரில் கலக்கும் பெயிண்ட், வாசனை குறைவு, துடைக்கலாம். அதிலேயே பளபளப்பு இல்லாத மேட் ரகம் சுவரின் மேடு பள்ளத்தை மறைக்கும், ஆனால் கறை படிந்தால் போக்குவது சிரமம். கொஞ்சம் மினுமினுப்பு உள்ள ரகத்தில் கறை எளிதில் போகும், ஆனால் பட்டி சரியாகப் பார்க்காத இடத்தை எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளைகள் கிரேயான் வைத்து ஓவியம் வரையும் வீடு என்றால், ஹாலுக்கும் அவர்கள் அறைக்கும் துடைக்கக்கூடிய ரகம் வாங்குங்க. சீலிங்குக்கு சாதாரண மேட் வெள்ளை போதும். அங்கே யார் கை வைக்கப் போகிறார்கள்?

கதவு, ஜன்னல், கிரில்லுக்கு எனாமல். இரும்பில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதன் மேல் எனாமல். தண்ணீரில் கலக்கும் எனாமலும் இப்போது கிடைக்கிறது. தின்னர் வாசனை ஒத்துக்கொள்ளாத, ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் அதைக் கேட்டு வாங்கலாம்.

செட்டிநாட்டுப் பக்கம், தஞ்சாவூர்ப் பக்கம் இன்னும் நிற்கும் சுண்ணாம்புக் காரை வீடுகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அந்தச் சுவர்கள் ஈரத்தை இழுத்து ஈரத்தை விடும். பிளாஸ்டிக் மாதிரி மூடும் பெயிண்டை அதன் மேல் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு காரையே உதிர ஆரம்பிக்கும். தாத்தா அடித்த மாதிரி சுண்ணாம்பு அடிப்பதே அந்த வீட்டுக்கு மரியாதை. அதுதான் செலவும் குறைவு.

கலர் எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஷேடு கார்டில் விரல் நகம் அளவுக்கு இருக்கும் நிறம், சுவர் முழுக்க வரும்போது இன்னும் அடர்த்தியாகத் தெரியும். அதனால் பிடித்த நிறத்துக்கு ஒரு படி வெளிர் நிறமாக எடுப்பது பெரும்பாலும் சரியாக வரும். போனில் பார்க்கும் நிறத்தை நம்பவே நம்பாதீங்க, ஒவ்வொரு ஸ்கிரீனிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும்.

சின்ன டப்பா வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒன்று, ஜன்னல் இருக்கும் சுவரில் ஒன்று என இரண்டு இடத்தில் இரண்டு அடி சதுரத்துக்கு அடித்துப் பாருங்க. காலையில், மதியம், ராத்திரி லைட் போட்ட பிறகு என மூன்று நேரமும் பார்க்கணும். வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் அழகாகத் தெரியும் சாம்பல் நிறம், மஞ்சள் பல்பில் அழுக்கு மாதிரி தெரியலாம்.

வெளிச்சம் குறைந்த, சின்ன அறைக்கு வெளிர் நிறம், சீலிங்குக்கு வெள்ளை. இது எல்லோரும் சொல்வது, உண்மையும்கூட. உயரம் குறைவான அறையில் சுவரின் மேல் ஓரத்தில் பட்டையாக வேறு நிற பார்டர் போடுவதைத் தவிர்க்கலாம், அறை இன்னும் குள்ளமாகத் தெரியும். ஒரே ஒரு சுவரில் அடர் நிறம் வேண்டும் என்றால், உள்ளே நுழைந்ததும் நேராகக் கண்ணில் படும் சுவரை எடுங்க. நாலு சுவருக்கு நாலு நிறம் என்ற பேஷன் கொஞ்ச நாள் இருந்தது. அதில் குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்.

வெளிச்சுவருக்கு இன்னொரு விஷயம். பளீர் ரோஸ், வயலட் மாதிரியான நிறங்கள் நம்ம வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். காவி, செம்மண், மஞ்சள் காவி போன்ற மண் நிறங்களில் இருப்பது இரும்பு ஆக்சைடு. அது வெயிலைத் தாங்கும். கோயில் மதிலில் காவிப் பட்டை அத்தனை காலம் நிற்பதில் இதற்கும் பங்கு உண்டு.

எத்தனை லிட்டர் வாங்கணும்?

இந்தக் கணக்கை பெயிண்டரிடம் விட்டுவிடாமல் நீங்களே போடலாம். 10 அடிக்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். நாலு சுவரின் சுற்றளவு 44 அடி. உயரம் 10-ஆல் பெருக்கினால் 440 சதுர அடி. கதவு 3-க்கு 7, ஜன்னல் 4-க்கு 4 என்றால் இரண்டும் சேர்த்து 37 சதுர அடியைக் கழிக்கணும். மிச்சம் 403. சீலிங் தனியாக 120.

ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்பது டப்பாவில் அல்லது அதன் விவரத் தாளில் இருக்கும். அது ஒரு கோட்டுக்கா, இரண்டு கோட்டுக்கா என்று பார்க்கணும். பலர் ஏமாறும் இடம் இது. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி என்றால், சுவருக்கு சுமார் மூன்றரை லிட்டர், சீலிங்குக்கு 1 லிட்டர். ஒரு 4 லிட்டர் டப்பாவும், வெள்ளையில் 1 லிட்டரும் போதும். சொரசொரப்பான சுவர் என்றால் கூடுதலாகக் குடிக்கும்.

மெஷினில் கலந்து கொடுக்கும் நிறத்தை ஒரே தடவையில் வாங்கிவிடுங்க. பாதி வேலையில் தீர்ந்து, மறுபடி போய் வாங்கினால் அதே நம்பராக இருந்தாலும் லேசான வித்தியாசம் வரலாம். ஒரே சுவரில் அது பளிச்சென்று தெரியும்.

பெயிண்டரிடம் பேசும்போது...

சண்டை வருவது பெரும்பாலும் "சதுர அடிக்கு இவ்வளவு" என்ற ஒரு வார்த்தையில்தான். நீங்க தரைப் பரப்பை நினைப்பீங்க. அவர் சுவர்ப் பரப்பைச் சொல்வார். மேலே சொன்ன அறையின் தரை 120 சதுர அடி. சுவரும் சீலிங்கும் சேர்த்து அடிக்க வேண்டிய பரப்பு 523. பேச்சுக்கு சதுர அடி 15 ரூபாய் என்று வைத்தால், ஒரு கணக்கில் 1,800 ரூபாய், இன்னொரு கணக்கில் 7,845 ரூபாய். வேலை முடிந்த பிறகு இந்த வித்தியாசம் தெரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

அதனால் ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்க. எந்த அளவு, கதவு ஜன்னல் கழிவு உண்டா, பட்டி எத்தனை கோட், பிரைமர் உண்டா, பெயிண்ட் எத்தனை கோட், எந்த கம்பெனியின் எந்த ரகம், ஷேடு நம்பர் என்ன, சாமான் நகர்த்துவதும் கடைசியில் தரையைச் சுத்தம் செய்வதும் யார் வேலை? வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று ஒரு பதில் வாங்கினாலும் போதும். மொத்தப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காமல், பட்டி முடிந்ததும் கொஞ்சம், முதல் கோட் முடிந்ததும் கொஞ்சம் என்று பிரித்துக் கொடுப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

பல பெயிண்ட் டப்பாக்களுக்குள் பெயிண்டருக்கென்று டோக்கன் இருக்கும். "இந்த கம்பெனிதான் சார் பெஸ்ட்" என்ற சிபாரிசுக்குப் பின்னால் சில சமயம் அதுவும் இருக்கலாம். அதைத் திருட்டு மாதிரி பார்க்க வேண்டியதில்லை, அந்தத் தொழிலில் பழகிப்போன ஊக்கத்தொகை அது. ஆனால் சிபாரிசைக் கேட்கும்போது மனசில் வைத்துக்கொள்ளலாம். டப்பாவை உங்க முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க. எவ்வளவு தண்ணீர் கலக்கணும் என்பது டப்பாவிலேயே எழுதியிருக்கும். அளவுக்கு மீறிக் கலந்தால் பரப்பு கூடும், ஆயுள் குறையும்.

ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் டப்பாவில் சொன்ன நேரம் காய விடணும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்பவரிடம், எப்படி என்று கேளுங்க.

வாடகை வீட்டில் பெயிண்ட் செலவு யாருடையது?

வீட்டைக் காலி செய்யும்போது "பெயிண்ட் செலவுக்கு ஒரு மாச வாடகை" என்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது சென்னையில் எழுதாத சட்டம் மாதிரி நடக்கிறது. எழுதிய சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, 2017-ஆம் ஆண்டின் வாடகைதாரர், வீட்டு உரிமையாளர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டத்தின் பட்டியலில், சுவருக்கு வெள்ளை அடிப்பதும், கதவு ஜன்னலுக்கு வண்ணம் அடிப்பதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பில் வருகிறது.

இதில் ஒரு முக்கியமான 'ஆனால்' உண்டு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுதான் செல்லும். அதனால் குடி போகும் முன் அக்ரிமென்ட்டில் பெயிண்ட் பற்றிய வரியைத் தேடிப் படிங்க. சுவர்களை, ஏற்கெனவே இருக்கும் கறை, ஆணி ஓட்டையோடு போட்டோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பி வைங்க. குடியிருக்கும்போது நீங்களே அடிக்க ஆசைப்பட்டால், நிறத்தைச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டுச் செய்யுங்க. வாடகையில் கழித்துக்கொள்ளச் சிலர் சம்மதிப்பார்கள், கேட்பதில் தப்பில்லை.

உயிர் போகும் இரண்டு இடங்கள்

வெளிச்சுவர் வேலையில் சாரத்திலிருந்து விழுவதும், பக்கத்தில் போகும் மின்கம்பியில் இரும்பு ஏணியோ நீளமான ரோலர் கம்போ படுவதும் ஆட்களைக் கொன்றிருக்கிறது. நெருக்கமான தெருக்களில் மாடிச் சுவருக்கும் கம்பிக்கும் கை நீட்டும் தூரம்தான் இருக்கும். அப்படி இருந்தால், வேலைக்கு முன்பே மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, அந்த நேரத்துக்கு இணைப்பை நிறுத்த ஏற்பாடு கேளுங்க. "பார்த்து வேலை செய்யுங்க" என்று சொல்வது பாதுகாப்பு ஆகாது. மூன்றாவது மாடியில் வெறும் கயிற்றில் தொங்க ஒருவர் தயாராக இருக்கிறார் என்பதற்காக நாம் சம்மதிக்கக் கூடாது. பாதுகாப்பு பெல்ட் இருக்கிறதா என்று கேட்பது உங்க உரிமை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயிண்டர்களும் பதிவு செய்யலாம். உங்க வீட்டுக்கு வருபவர் பதிவு செய்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

இன்னொன்று வீட்டுக்குள். எனாமல், தின்னர், டர்பன்டைன் ஆவி சீக்கிரம் தீப்பிடிக்கும். பூட்டிய அறையில் கதவுக்கு எனாமல் அடித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் சாமி விளக்கு எரிவதோ, அடுப்பு எரிவதோ ஆபத்து. ஜன்னலைத் திறந்து வைத்து, விளக்கு, ஊதுபத்தி, சிகரெட் எல்லாவற்றுக்கும் அன்றைக்கு லீவு விடுங்க. வாசனை போகும் வரை அந்த அறையில் யாரும் தூங்க வேண்டாம்.

பட்ஜெட் கம்மியா?

வீடு முழுக்க அடிக்க முடியாவிட்டால், சீலிங்கை மட்டும் வெள்ளை அடித்துப் பாருங்க. மின்விசிறிப் புழுதியும் கொசுவர்த்திப் புகையும் படிந்த சீலிங் வெளுத்தாலே அறையில் வெளிச்சம் கூடும். அடுத்தது வாசல் கதவும் கிரில் கேட்டும். வருபவர் முதலில் பார்ப்பதும், கை படுவதும் அதில்தான். ஒரே ஒரு லிட்டர் எனாமலில் வீட்டின் முகம் மாறிவிடும். மூன்றாவதாக, ஸ்விட்ச் போர்டைச் சுற்றியும், கட்டில் தலைமாட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கு பிடித்த இடம். சோப்புத் தண்ணீரில் மெதுவாகத் துடைத்துப் பார்த்துவிட்டு, போகாவிட்டால் மட்டும் அந்தச் சுவரை அடிக்கலாம். அந்த இடத்தில் மட்டும் திட்டாக அடித்தால் ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை முழுச் சுவராக அடிக்கணும்.

சின்ன அறையை நீங்களே அடிப்பதும் முடியாத வேலை இல்லை. பெயிண்ட் கடையில் ரோலர், ஓரத்துக்கு இரண்டு இன்ச் பிரஷ், மாஸ்கிங் டேப் வாங்கிக்கொள்ளுங்க. சீலிங்கில் ஆரம்பித்து, பிறகு சுவர், கடைசியில் கதவு ஜன்னல். டேப்பை பெயிண்ட் முழுசாக இறுகுவதற்கு முன்பே உரித்துவிடணும், இல்லாவிட்டால் ஓரம் பிய்ந்து வரும். அடித்த புதுச் சுவரை மூன்று, நாலு வாரத்துக்கு ஈரத்துணியால் துடைக்காதீங்க.

மிச்சம் இருக்கும் பெயிண்டைச் சாக்கடையில் ஊற்றாமல், காற்றுப் புகாத சின்ன பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி வைங்க. மேலே அறையின் பெயர், ஷேடு நம்பர், தேதி எழுதி ஒட்டுங்க. அடுத்த வருஷம் டிவி ஸ்டாண்டை நகர்த்தும்போது சுவரில் கீறல் விழும். அப்போ தேடுவீங்க.